கோலன் ஹைட்ரோதெரபி அறை: இயந்திரத்துக்கு முன்னால் டிரெய்னேஜைப் பாருங்கள்

பெருங்குடலைத் தண்ணீர் விட்டுக் கழுவும் கோலன் ஹைட்ரோதெரபி இயந்திரம் வாங்கப் போகிறேன், அறையை எப்படித் தயார் செய்வது என்று என் அக்காவின் வகுப்புத் தோழர்கள் சிலர் இப்போதெல்லாம் என்னைக் கேட்கிறார்கள். பத்துக்குப் பத்து அறை போதுமா, ஏசி எத்தனை டன், டைல்ஸ் என்ன நிறம் என்றுதான் பேச்சு தொடங்கும். நான் பதிலுக்கு ஒன்றைத்தான் கேட்பேன். உங்கள் கட்டடத்தின் கழிவுநீர் எந்தச் சேம்பருக்குப் போகிறது, அந்தச் சேம்பர் மூடி தெரு மட்டத்துக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? இதற்குப் பதில் தெரியாமல் இயந்திரத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

நான் பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர் பக்கம் சின்னச் சின்னக் கட்டட வேலைகளை எடுத்துச் செய்பவன். கிளினிக், லேப், பல் மருத்துவமனை என்று தண்ணீரும் கழிவும் நிறைய உள்ள அறைகளே அதிகம் வரும். அக்கா இயற்கை மருத்துவர். அரும்பாக்கம் அரசுக் கல்லூரியில் பிஎன்ஒய்எஸ் என்ற இயற்கை, யோகா மருத்துவப் பட்டம் படித்தவர். பெரம்பூரில் ஒரு பழைய கட்டடத்தை வாடகைக்கு எடுத்து கிளினிக் நடத்துகிறார். அங்கே இந்த அறையை அமைத்த அனுபவத்தைத்தான் எழுதுகிறேன்.

முதலில் சிகிச்சையைப் பற்றி ஒரு வார்த்தை. உடலில் உள்ள நச்சையெல்லாம் குடலைக் கழுவி வெளியேற்றிவிடலாம் என்ற விளம்பரத்துக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. அக்காவும் அப்படிச் சொல்லி யாருக்கும் இதைச் செய்வதில்லை. அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் எஃப்டிஏ இந்தக் கருவிகளை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. கொலனோஸ்கோபி, எக்ஸ்ரே போன்ற பரிசோதனைக்கு முன்னால் குடலைச் சுத்தம் செய்வதற்கு என்றால் இரண்டாம் வகுப்பு. பொதுவான நலத்துக்காக என்றால் கடும் கட்டுப்பாடுள்ள மூன்றாம் வகுப்பு. குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், குடல் புண் அழற்சி உள்ளவர்கள், இதய நோயாளிகள், சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள் இவர்களுக்கெல்லாம் இது கூடாது. யாருக்குச் செய்யலாம் என்பது மருத்துவரின் முடிவு. அதில் எனக்கு வேலை இல்லை. செய்கிற அறை ஒருவருக்கும் கேடு தராததாக இருக்க வேண்டும். அது என் பொறுப்பு.

அந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்று அக்கா ஒரு பழைய நிகழ்வைச் சொல்லிப் புரியவைத்தார். 1978 முதல் 1980 வரை அமெரிக்காவின் கொலராடோவில் ஒரே கிளினிக்கில் இந்தச் சிகிச்சை எடுத்துக்கொண்டவர்களில் குறைந்தது 36 பேருக்கு அமீபா தொற்று வந்தது. 10 பேருக்குக் குடலையே வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. சிலர் இறந்தும் போனார்கள். ஆராய்ந்து பார்த்தபோது இயந்திரத்துக்குள் மலக் கிருமிகள் ஏராளமாக இருந்தன. ஒருவருடைய கழிவு இன்னொருவருக்குப் போகும் தண்ணீரைத் தொட்டிருக்கிறது. இதைக் கேட்ட பிறகு, உள்ளே போகும் தண்ணீரும் வெளியே வரும் தண்ணீரும் எந்த நிலையிலும், கரண்ட் போனாலும், மழை வெள்ளம் வந்தாலும், யாராவது வால்வை மாற்றித் திருப்பினாலும் சந்திக்கக் கூடாது என்பதுதான் அறையின் ஒரே விதி என்று முடிவு செய்துகொண்டேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வட சென்னையில் இதைச் சொல்வது சுலபம், செய்வது கடினம். இங்கே தரை தட்டை. கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர்தான் உயரம். ஓட்டேரி நல்லாவும் பக்கிங்ஹாம் கால்வாயும் நிரம்பிவிட்டால் புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி தெருக்களில் தண்ணீர் வடிய இடமில்லாமல் நிற்கும். கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்குவதைப் பார்த்தே மழையின் அளவைச் சொல்லிவிடுவார்கள் இந்தப் பக்கத்து மக்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தெருவில் நின்ற தண்ணீரில் சாக்கடை எது, மழைநீர் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை இருந்தது. பாதாளச் சாக்கடை நிரம்பும்போது அது தெருவில் உள்ள மேன்ஹோல் மூடி மட்டம் வரை ஏறும். அந்த மட்டத்துக்குக் கீழே உங்கள் வீட்டில் எந்தத் துளை இருந்தாலும் அதன் வழியாக உள்ளே வந்துவிடும்.

பழைய வீடுகளில் இது இன்னும் மோசம். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டதில் தெரு உயர்ந்துகொண்டே போயிருக்கிறது. எங்கள் பிளம்பர் அண்ணன் சொல்வார்: “ரோடு மேல ஏறிக்கினே இருக்குது சார், வூடு கீழ போய்க்கினே இருக்குது.” அக்காவின் கட்டடமும் அப்படித்தான். இரண்டு படி இறங்கித்தான் தரைத்தளத்துக்குள் போக வேண்டும்.

ஆகவே முதல் வேலை மட்டம் பார்ப்பது. இதற்குப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம் போதும். நீளமான தெளிந்த டியூபில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தெரு மேன்ஹோல் பக்கத்திலும் மறு முனையைச் சிகிச்சை அறை சுவரிலும் பிடித்தால் இரண்டு இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் தெரிந்துவிடும். அக்கா நினைத்து வைத்திருந்த அறை தரைத்தளத்தில் பின்பக்கம். வயதானவர்கள் படி ஏற வேண்டாம் என்பது அவர் எண்ணம். மட்டம் பார்த்தபோது அந்த அறையின் தரை மேன்ஹோல் மூடிக்கு ஒரு சாண் கீழே இருந்தது. “டேய், அப்போ மாடிக்கே போயிடலாம்” என்று அக்காவே சொல்லிவிட்டார். ஆலோசனை அறை கீழே, சிகிச்சை அறை முதல் தளத்தில் என்று மாற்றினோம். படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தோம். படி ஏற முடியாதவருக்கு இந்தச் சிகிச்சையைத் தவிர்ப்பதே நல்லது என்று அக்கா பிறகு சொன்னார். பலவீனமானவர்கள் செய்துகொள்ளக் கூடாத சிகிச்சைதானே இது.

தரைத்தளம் தவிர வேறு இடமே இல்லை என்றால் தரையை உயர்த்த வேண்டும், அல்லது வெளியே போகும் லைனில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போட வேண்டும். அந்த வால்வைப் போட்டுவிட்டு மறந்துவிட்டால் பயனில்லை. அதன் கதவில் துணியோ முடியோ சிக்கிக்கொண்டால் அது மூடாது. கையெட்டும் இடத்தில் சேம்பர் கட்டி, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பரிலேயே, திறந்து கழுவ வேண்டும். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் கழிவும் வெளியே போகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அந்த நாட்களில் சிகிச்சை கிடையாது என்று சொல்லிவிடுங்கள்.

டிரெய்னேஜை ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், இது நாற்றப் பிரச்சினை மட்டும் இல்லை. மூடிய வகை இயந்திரத்தில் நோயாளியின் ஆசனவாயில் வைக்கும் ஸ்பெகுலம் என்ற குழாயில் இரண்டு வழி இருக்கும். ஒன்றில் தண்ணீர் உள்ளே போகும், மற்றொன்றில் கழிவோடு வெளியே வரும். வெளியே வருவது பெரும்பாலும் தன் எடையால் கீழே இறங்குவதுதான். கழிவு இணைப்பை உயரமாக வைத்துவிட்டாலோ, லைன் பாதி அடைத்திருந்தாலோ அந்தத் தண்ணீர் தேங்கும். அந்த அழுத்தம் நோயாளியின் குடலில்தான் ஏறும். அழுத்தத்தை பிஎஸ்ஐ என்ற அலகில் அளப்பார்கள். இந்த இயந்திரங்கள் ஓரிரு பிஎஸ்ஐ அளவு அழுத்தத்தில்தான் வேலை செய்கின்றன. ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் 1.4 பிஎஸ்ஐ. ஆக, தண்ணீரை ஒரு அடி மேலே ஏற்றி வெளியேற்ற வேண்டியிருந்தாலே கணக்கு மாறிவிடும். குடலில் ஓட்டை விழுவது இந்தச் சிகிச்சையில் அரிதாக ஆனாலும் உண்மையாக நடந்திருக்கிற விபத்து. இயந்திரத்தின் கையேட்டில் கழிவு இணைப்புக்கு எந்த உயரம் சொல்லியிருக்கிறதோ அதில் ஒரு அங்குலம்கூட ஏற்ற வேண்டாம். திறந்த வகையில் நோயாளி படுத்திருக்கும் பேசின் வழியாகவே கழிவு இறங்கும் என்பதால் இந்த அழுத்தம் குறைவு. ஆனால் அங்கே வாடை, தெறிப்பு, காற்றோட்டம் எல்லாவற்றுக்கும் கூடுதல் கவனம் வேண்டும்.

இயந்திரம் விற்றவர் தந்த வரைபடத்தில் கழிவுக்கு 2 அங்குலக் குழாய் என்று போட்டிருந்தது. இயந்திரத்தின் வாய் வரை அது சரி. சுவருக்குள் போனதும் 4 அங்குலத்துக்கு மாறினோம். கழிவு கக்கூஸ் லைனில்தான் சேர வேண்டும். குளியலறை, வாஷ்பேசின் தண்ணீர் போகிற லைனில் சேர்த்தால் அது கல்லி ட்ராப்புக்குப் போய், மலம் திறந்த வெளியில் தேங்கும். இதை பிளம்பரிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது. பழைய கட்டடங்களில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. வீட்டு ஓனருக்கும் தெரியவில்லை. “எங்க அப்பா காலத்துல போட்டது தம்பி” என்றார்.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஒரு பக்கெட் தண்ணீரில் நன்றாகக் கலக்கி நீங்கள் இணைக்க நினைக்கும் குழாயில் ஊற்றுங்கள். வெளியே எல்லாச் சேம்பரையும் திறந்து வைத்து ஆளுக்கு ஒரு இடத்தில் நில்லுங்கள். நீலம் எங்கே வருகிறது, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். எங்களுக்கு நீலம் சரியான சேம்பருக்கு வந்தது. ஆனால் மிக மெதுவாக வந்தது. திறந்து பார்த்தால் பக்கத்து மரத்தின் வேர் பழைய மண்குழாயின் மூட்டில் புகுந்திருந்தது. அந்தத் துண்டு முழுவதையும் பிவிசிக்கு மாற்றினோம். இயந்திரம் வந்த பிறகு இது தெரிந்திருந்தால் நோயாளி படுத்திருக்கும்போது லைன் அடைத்திருக்கும்.

சரிவு 40-க்கு 1 வைத்தோம், அதாவது 10 அடிக்கு 3 அங்குலம் இறக்கம். முதல் தளத்தில் இந்த இறக்கம் கிடைக்க தளத்தை உடைக்க வேண்டியதில்லை. அறையை ஏற்கெனவே இருக்கிற கழிப்பறைக்கு ஒட்டினாற்போல் எடுத்துக்கொண்டால் குழாய் ஓடும் தூரம் குறையும், இறக்கமும் தானாகக் கிடைக்கும். தரையை ஆறு அங்குலம் உயர்த்திக் குழாயைப் புதைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்போது வாசலில் ஒரு படி வரும். வயிற்றில் தண்ணீரோடு அவசரமாக எழுந்து கழிப்பறைக்கு ஓடுகிறவருக்கு அந்தப் படி ஆபத்து.

சாக்கடைக் காற்றைத் தடுக்கக் குழாயில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவுதான் ட்ராப். அதில் குறைந்தது 50 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்க வேண்டும். லைனுக்குள் காற்று போய் வரும் வென்ட் குழாய் மொட்டை மாடிக்கு மேலே போக வேண்டும். வென்ட் இல்லாவிட்டால் மேல் தளத்தில் ஒருவர் ஃப்ளஷ் செய்யும்போது ட்ராப்பில் உள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும், பிறகு சாக்கடைக் காற்று நேராக அறைக்குள் வரும். சில நாள் அறையைப் பயன்படுத்தாமல் இருந்தாலும் ட்ராப் காய்ந்துவிடும். கிளினிக்கை மூடி வைத்தால் திறக்கிற அன்று காலையில் எல்லா ட்ராப்பிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

இனி உள்ளே வரும் தண்ணீர். வட சென்னையில் ஒரே கட்டடத்துக்கு மூன்று வகைத் தண்ணீர் வருகிறது. புழல் ஏரியிலிருந்தோ காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்திலிருந்தோ மெட்ரோ வாட்டர் குழாயில் வருவது ஒன்று. அது குறையும்போது லாரித் தண்ணீர். இரண்டும் இல்லாதபோது போர் தண்ணீர். மூன்றும் ஒரே சம்ப்பில் கலக்கும். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு, சில தெருக்களில் இரும்புச் சத்தால் மஞ்சளாகவும் இருக்கும். நோயாளியின் உடலுக்குள் போகிற தண்ணீர் குடிநீர்த் தரத்தில் இருக்க வேண்டும் என்பதில் பேச்சே இல்லை. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-ன்படி டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. டிடிஎஸ் மீட்டரை நம்பிப் பலர் நின்றுவிடுகிறார்கள். அது உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. அங்கீகாரம் பெற்ற லேப்பில் கிருமிப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒருமுறை மழைக்காலத்தில், ஒருமுறை லாரித் தண்ணீர் ஓடும் கோடையில், இரண்டும் அவசியம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. இங்கே தெருவுக்குத் தெரு மெட்ரோ குழாயிலிருந்து மோட்டார் வைத்தும் அடி பம்ப் அடித்தும் தண்ணீரை இழுக்கிறோம். குழாயில் அழுத்தம் குறைவாக இருக்கும்போது ஒருவர் இழுத்தால் பக்கத்து வீட்டுக் குழாயில் வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடம் பக்கத்து வீட்டில் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் எந்த ஹோஸையும் உறிஞ்சும். கட்டடத்துக்குள்ளும் இதே கதைதான். மேல்தொட்டி காலியாகி, கீழ்த்தளத்தில் ஒரு குழாய் திறந்திருந்தால் மேல்தளக் குழாயில் உள்ளது பின்னோக்கி இழுபடும். கோலன் இயந்திரம் அப்படி ஒரு குழாயில் இணைந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மொத்தக் கட்டடத்தின் குடிநீருக்கும் கேடு.

இயந்திரத்துக்குள்ளேயே தடுப்பு வால்வு இருக்கிறது என்று விற்பவர் சொல்வார். இருக்கட்டும். வால்வு பழுதாகும், காற்று பழுதாகாது. எனவே அறைக்கென்று தனியாக ஒரு 200 லிட்டர் தொட்டி வைத்தோம். கட்டடத்துக் குழாய் அந்தத் தொட்டிக்கு மேலே முடிந்து, தண்ணீர் இடைவெளி வழியாக விழும். குழாயின் வாய்க்கும் தொட்டி நிரம்பி வழியும் மட்டத்துக்கும் நடுவில் குழாய் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது காற்று இடைவெளி வேண்டும். அரை அங்குலக் குழாய்க்கு ஒரு அங்குலம். வழிந்தோடும் குழாய் உள்ளே வரும் குழாயைவிடப் பெரியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃப்ளோட் வால்வு கெட்ட அன்று அந்த இடைவெளி மூழ்கிவிடும். மூடி இறுக்கமாக, வழிந்தோடும் வாயில் கொசுவலை. டெங்கு சோதனைக்கு வரும் மாநகராட்சி ஊழியர்கள் முதலில் பார்ப்பது இந்த மாதிரித் தொட்டிகளைத்தான். ஒரு அமர்வுக்கு 60 லிட்டர் வரைகூடத் தண்ணீர் போகலாம். ஒரு நாளில் எத்தனை பேர் என்று கணக்கிட்டுத் தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். சிகிச்சைக்கு நடுவில் தண்ணீர் தீரக் கூடாது.

தொட்டியிலிருந்து இயந்திரத்துக்கு ஒரு பூஸ்டர் பம்ப். மேல்தொட்டியிலிருந்து நேராக எடுத்தாலும் பம்ப் இல்லாமல் முடியாது. நிறைய இயந்திரங்கள் நுழைவாயிலில் 30 பிஎஸ்ஐ வரை கேட்கும். எங்கள் கட்டடத்தில் மேல்தொட்டிக்கும் முதல் தளக் குழாய்க்கும் சுமார் 20 அடிதான் உயரம். அது 9 பிஎஸ்ஐகூட வராது. 30 பிஎஸ்ஐ இயல்பாகக் கிடைக்க ஏறக்குறைய 70 அடி உயரம் வேண்டும். பம்ப் அதிர்கிற சத்தம் படுக்கையில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாது என்பதால் ரப்பர் பாதம் வைத்து வெளித் தாழ்வாரத்தில் நிறுத்தினோம்.

வடிகட்டிகளின் வரிசையைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். முதலில் 5 மைக்ரான் அழுக்கு வடிகட்டி, பிறகு கார்பன், கடைசியில் புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யுவி. கார்பன் வடிகட்டி குளோரினை எடுத்துவிடும். வாடைக்கு அது நல்லது. ஆனால் குளோரின் போனதும் தண்ணீருக்குப் பாதுகாப்பும் போய்விடும், கார்பன் துகள்களிலேயே கிருமி வளரத் தொடங்கும். அதனால்தான் யுவி அதற்குப் பின்னால் வர வேண்டும். ஒரு இடத்தில் யுவியை முதலில் மாட்டிவிட்டுக் கார்பனைக் கடைசியில் வைத்திருந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். கலங்கல் தண்ணீரில் யுவி ஒளி ஊடுருவாது. விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் ஏறக்குறைய ஓராண்டில் அதன் வீரியம் குறைந்துவிடும். மாட்டிய தேதியை மார்க்கரால் அதன் மேலேயே எழுதி வையுங்கள். குழாய், வால்வு எல்லாம் பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெருவில் கொஞ்சம் சுற்றினால் நல்ல தரத்தில் கிடைக்கும். சந்து முனைக் கடையில் கிடைக்கும் பெயர் தெரியாத வால்வை இந்த லைனில் போடாதீர்கள்.

சுடுதண்ணீர் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடலுக்குப் போகும் தண்ணீர் உடல் சூட்டில், 37 டிகிரி அளவில் இருக்க வேண்டும். கீசரைக் குறைந்த சூட்டிலேயே வைத்துவிடலாமே என்று தோன்றும். வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் கிருமி செழிக்கும். கீசரில் 60 டிகிரி வைத்து, வெளியே தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வில் குறைப்பதே சரி. குளிர்ந்த தண்ணீர் வரத்து நின்றால் சுடுதண்ணீரையும் தானே நிறுத்தும் வால்வாகப் பார்த்து வாங்குங்கள். இயந்திரத்தின் திரையில் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் தனியாக ஒரு தெர்மோமீட்டர் வைத்து, நோயாளிக்குப் போகிற முனையிலேயே அளக்க வேண்டும்.

மின்சாரத்தில் மூன்று விஷயம். ஈரமான அறை, ஈரமான உடல். அதனால் மின்கசிவு ஏற்பட்டதும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இந்த அறைக்கென்று தனியாக வேண்டும். எர்த்திங்கைப் புதிதாகப் போடுங்கள். வட சென்னையின் உப்பு மண்ணில் பழைய ஜிஐ எர்த் குழாய் அரித்துப் போயிருக்கும். மேலே கம்பி பளபளப்பாக இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. அப்புறம், கரண்ட் போனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் வால்வு தானாக மூட வேண்டும், கழிவு வழி திறந்தபடி இருக்க வேண்டும், அறையிலும் கழிப்பறையிலும் எமர்ஜென்சி விளக்கு உடனே எரிய வேண்டும். விற்பவரின் ஆள் இருக்கும்போதே மெயினை இழுத்துவிட்டுப் பார்த்தோம். எங்கள் அறையில் விளக்கு எரிந்தது, கழிப்பறையில் எரியவில்லை. அன்றைக்கே இன்னொன்று மாட்டினோம்.

கழிப்பறை இந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். தாழ்வாரம் தாண்டிப் போக வைப்பது மனிதத் தன்மையே இல்லை. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடலே தடுத்துவிடும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக் கூடியதாக, கைப்பிடி ஒன்று, கை எட்டும் உயரத்தில் அழைப்பு மணி ஒன்று. தரையில் விழுந்தாலும் எட்டும்படி மணியின் கயிறு தரை வரை தொங்கட்டும். தரைக்கு வழுக்காத டைல்ஸ். சுவருக்கு 7 அடி வரை டைல்ஸ். இணைப்புகளில் எபாக்ஸி கிரௌட். சாதாரண வெள்ளை சிமென்ட் இங்கே சீக்கிரம் கறுத்துவிடும். ஏசி காற்று படுக்கையின் மேல் நேராக விழக் கூடாது. அரை உடையில் ஈரத்தோடு படுத்திருப்பவர் நடுங்கிப் போவார். எக்ஸாஸ்ட் ஃபேன் பெரியதாக இருக்கலாம். ஆனால் கதவுக்குக் கீழே காற்று உள்ளே வர இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் ஃபேன் ட்ராப்பிலிருந்தே காற்றை இழுக்கப் பார்க்கும்.

படுக்கை நடுவில், இரண்டு பக்கமும் தெரபிஸ்ட் நிற்க இடம். தலைப்பக்கம் சுத்தமான பொருட்களின் அலமாரி, கால்பக்கம் கழிவு. சுத்தமானதும் அசுத்தமானதும் ஒரே மேஜையில் வரக் கூடாது. கைகழுவ முழங்கையால் திறக்கும் குழாய். ஒருமுறை பயன்படுத்திய ஸ்பெகுலமும் டியூபும் மறுபடி பயன்படுத்தவே கூடாது. கழுவி வைத்தால் சிக்கனம் என்று சொல்பவர்கள் கொலராடோவை நினைத்துக்கொள்ள வேண்டும். 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி பிளாஸ்டிக் டியூப், கையுறை சிவப்புப் பையில், கழிவு பட்ட பஞ்சு, துணி மஞ்சள் பையில் போக வேண்டும். மருத்துவக் கழிவை எடுத்துச் செல்லும் பொது நிறுவனத்தோடு ஒப்பந்தமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும் சின்ன கிளினிக்குக்கும் தேவை. தமிழ்நாட்டில் 1997 மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படியான பதிவும் வேண்டும். இயந்திரத்துக்கு 2017 மருத்துவக் கருவி விதிகளின் கீழ் உரிமம் இருக்கிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தரத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

விலைப்பட்டியலில் பெரும்பாலும் இயந்திரம், ஃபிட்டிங், ஒருநாள் பயிற்சி மட்டும்தான் இருக்கும். நான் மேலே சொன்ன தொட்டி, பம்ப், வடிகட்டி, குழாய், எர்த்திங், கழிப்பறை எதுவும் அதில் இருக்காது. இந்த வேலைகளுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் எந்த இயந்திரம் வருகிறதோ அதை வாங்குங்கள். பணம் போதவில்லை என்றால் இயந்திரத்தைத் தள்ளிப் போடலாம், டிரெய்னேஜைத் தள்ளிப் போட முடியாது. வாடகைக் கட்டடம் என்றால் குழாய் மாற்றவும் வென்ட் ஏற்றவும் ஓனர் சம்மதத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் ஓனர் ஐயா முதலில் யோசித்தார். மரவேர் புகுந்த பழைய குழாயைக் காட்டியதும் அந்தச் செலவில் பாதியைத் தானே ஏற்றுக்கொண்டார்.

முதல் நோயாளிக்கு முன்னால் ஒரு நாள் முழுவதும் வெறும் தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். கட்டடத்தில் எல்லாக் கழிப்பறைகளிலும் ஒரே நேரத்தில் ஃப்ளஷ் செய்யச் சொல்லி, அந்த நேரத்தில் இயந்திரத்திலிருந்து முழு வேகத்தில் கழிவு வழியாகத் தண்ணீர் விட வேண்டும். கழிவு போவதைப் பார்க்க இயந்திரத்தில் இருக்கும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஒரு கணம் தயங்கினாலும் லைனில் எங்கோ குறை இருக்கிறது. கீழ்த்தளக் கூரையில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே தரையில் இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்திருக்க வேண்டும். இயந்திரக் குழாயின் முனையிலிருந்து எடுத்த தண்ணீரை லேப்புக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகுதான் அக்கா முன்பதிவு வாங்கினார்.

கடைசியாக, எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது, ட்ராப் எங்கே, வால்வு எங்கே, எந்தச் சேம்பர் யாருடையது என்று ஒரு தாளில் வரைந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் பக்கத்தில் அளவு டேப் பிடித்துப் போட்டோ எடுத்து வையுங்கள். ட்ராப்புக்கு மேலே டைல்ஸ் ஒட்டாமல் திறந்து மூடும் பலகை வையுங்கள். பருவமழை தொடங்கும் முன் பிளம்பர் வந்து நிற்கும்போது இந்த மூன்றும் கையில் இருந்தால், ஒரு டைல்ஸைக்கூட உடைக்காமல் அவர் வேலையை முடித்துவிடுவார்.